கையைக் காட்டிவிட்டு உள்ளே போங்கள்

லேபிலிருந்து போன் வந்தபோது தலைமை நர்ஸ் மாத்திரை அலமாரியை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். மறுமுனையில் இருந்த பெண் வழக்கமாக முடிவைப் படித்துவிட்டு உடனே வைத்துவிடுகிறவள். அன்றைக்குக் கொஞ்சம் தயங்கினாள்.

"சிஸ்டர், உட்கார்ந்துக்கிட்டுப் பேசறீங்களா?"

"பரவாயில்ல, சொல்லுங்க."

"உங்க எட்டாம் நம்பர் ரூம் அம்மாவோட யூரின். நாங்க வச்சுப் பார்த்த மருந்து எதுக்கும் அந்தக் கிருமி அசையல. ஊசி மருந்துல ஒண்ணே ஒண்ணுக்குத்தான் கட்டுப்படுது. நீங்க இப்பக் கொடுத்துக்கிட்டிருக்கிற மாத்திரையெல்லாம் அதுக்கு மிட்டாய் மாதிரி."

தலைமை நர்ஸ் கையிலிருந்த மாத்திரை அட்டையைப் பார்த்தாள். அது அந்த அம்மாவுக்குக் கொடுத்துவந்த மாத்திரைதான்.

எட்டாம் அறையில் இரண்டு பேர் இருந்தார்கள், அண்ணியும் நாத்தனாரும். அண்ணி அந்தக் காலத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். நாத்தனார் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதனால் அந்த முதியோர் இல்லத்தில் ஒருத்திக்குப் 'போன் அம்மா' என்றும் இன்னொருத்திக்குச் 'செக்கிங் அம்மா' என்றும் பெயர். போன் அம்மாவின் கணவர் இறந்த பிறகும் இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். போன் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. செக்கிங் அம்மாவுக்கு முழங்கால் இரண்டும் கைவிட்டன. ஒருத்தியை ஒருத்தி தூக்க முடியாது என்று ஆன பிறகுதான் இங்கே வந்தார்கள்.

ஃபேன் எந்த வேகத்தில் சுற்ற வேண்டும், திரையை எவ்வளவு விலக்க வேண்டும், டிவியில் யார் சேனலை யார் மாற்றினார்கள் என்று காலையில் ஆரம்பிக்கும் சண்டை விளக்கணைக்கும் வரை ஓயாது. வேறு அறை தருகிறேன் என்று நிர்வாகம் ஒருமுறை சொன்னபோது இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு நிர்வாகத்தோடு சண்டை போட்டார்கள்.

லேபில் சொன்னது போன் அம்மாவின் யூரினைத்தான். அன்று சாயங்காலமே அவளுக்குக் குளிர் நடுக்கம் வந்தது. பல் கிட்டித்துப்போய், பேச்சு குழறியது. ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. சக்கர நாற்காலியில் வாசல் வரை வந்த செக்கிங் அம்மா, "கண்ணாடியை எடுத்துக்கிட்டாங்களா? அது இல்லன்னா அண்ணிக்குக் காது கேட்காது" என்றாள். கண்ணாடிக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. உதட்டைப் பார்த்துத்தான் போன் அம்மா பாதிப் பேச்சைப் புரிந்துகொள்கிறாள் என்பது தலைமை நர்ஸுக்குத் தெரியும். ஓடிப் போய் எடுத்து வந்து கொடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் அந்த ஒற்றை ஊசி மருந்து வேலை செய்தது. போன் அம்மா பிழைத்துத் திரும்பி வந்தாள். ஆனால் சிறுநீருக்கு ஒரு டியூபும், காலோடு கட்டிய பையும், தனியாக வைக்கச் சொல்லும் உத்தரவுமாக வந்தாள். எட்டாம் அறை இருக்கும் அதே கிழக்கு வராந்தாவின் கடைசி அறையில் அவளை விட்டுக் கதவைச் சாத்தினார்கள். அதற்குள் அதே வராந்தாவில் பழைய தையல்காரர் ஒருவருக்கும் காய்ச்சல் கண்டது. இல்லத்துக்கு வந்து பார்க்கும் டாக்டர் அந்த வரிசையில் எல்லாரையும் பரிசோதிக்கச் சொன்னாள். நோய் இல்லாதவர்கள் சிலரிடமும் அதே கிருமி சத்தமில்லாமல் குடியிருந்தது தெரிந்தது.

இல்லத்தின் உரிமையாளர் தன் அறைக் கதவைச் சாத்திவிட்டு டாக்டரையும் தலைமை நர்ஸையும் உட்காரச் சொன்னார்.

"இது நமக்குள்ளயே இருக்கட்டும். வெளிய தெரிஞ்சா ஆளாளுக்குப் பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போயிடுவாங்க."

"எப்படி சார் நமக்குள்ளயே இருக்கும்?" என்றாள் தலைமை நர்ஸ். "பார்க்க வர்றவங்களைக் கை கழுவச் சொல்லணும், துணிக்கு மேல கவுன் போடச் சொல்லணும். ஏன்னு கேட்பாங்க. மூடி மறைச்சுக்கிட்டே எப்படிக் கழுவ வைக்கிறது?"

"சரி, இது எப்படி வந்துச்சு? அதையாவது சொல்லுங்க."

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "இங்க யூரின் கலங்கலா இருந்தா ஆண்டிபயாடிக். வாடை வந்தா ஆண்டிபயாடிக். பெரியவங்க ஒருநாள் எரிஞ்சு விழுந்தா அதுக்கும் ஆண்டிபயாடிக். நான் வர்றதுக்கு முன்னாடியும் அப்படித்தான், வந்த பிறகும் அப்படித்தான். ஒவ்வொரு தடவையும் பலவீனமான கிருமி சாகும், முரட்டுக் கிருமி மிஞ்சும். மிஞ்சினது பெருகும். அதை ஒரு படுக்கையில இருந்து இன்னொரு படுக்கைக்குத் தூக்கிக்கிட்டுப் போறது நம்ம கை. இனிமே நான் பார்க்காம யாருக்கும் அந்த மாத்திரை போகக் கூடாது."

உரிமையாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கடைசியில், "நீங்களே பேசுங்க சிஸ்டர். எனக்கு நாலு பேர் முன்னாடி பேச வராது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை குடும்பங்களைக் கூட்டி ஹாலில் உட்கார வைத்துத் தலைமை நர்ஸ் உள்ளதை உள்ளபடி சொன்னாள். ஹாலில் கசமுசாவென்று பேச்சு எழுந்தது. ஒரு மகள் அங்கேயே எழுந்து அப்பாவின் துணிகளை எடுத்துவைக்கப் போய்விட்டாள். போன் அம்மாவின் மகன் பின்வரிசையில் நின்றிருந்தான். அவன் பிளம்பர், வேலையை விட்டு நேராக வந்ததில் சட்டைக் கையில் வெள்ளைப் பசை காய்ந்திருந்தது.

"எங்க அம்மா சாகக் கிடந்தாங்க. மன்னிச்சுக்குங்கன்னு ஒரு வார்த்தை வரலையே" என்றான்.

"மன்னிச்சுக்குங்க" என்றாள் தலைமை நர்ஸ். "அதோட விட்டுட மாட்டோம். இன்னொருத்தருக்கு இது வராம பார்த்துக்குவோம்."

அவன் சட்டைக் கையில் காய்ந்த பசையைச் சுரண்டிக்கொண்டே அம்மாவைப் பார்க்கப் போனான்.

மறுநாளிலிருந்து கிழக்கு வராந்தாவில் வேலையின் முறையே மாறியது. முன்பெல்லாம் சிறுநீர்ப் பைகளைக் காலி செய்ய ஒரே ஜாடிதான், அறை அறையாகப் போகும். இப்போது டியூப் உள்ள ஒவ்வொருவருக்கும் அவரவர் ஜாடி. ஒரு கையுறையோடு இரண்டு பேரைத் தொடக் கூடாது. குளிப்பாட்டும்போதும் துணி மாற்றும்போதும் கவுன். ஊழியர்கள் முனகினார்கள். ஆட்கள் குறைவு, கை கழுவும் பேசினோ வராந்தாவின் ஒரு மூலையில் இருந்தது.

"நேரம் இல்லன்னா வேற எதையாவது விடுங்க" என்று சொல்லிவிட்டாள் தலைமை நர்ஸ். "போர்வையை மடிக்காம போட்டுட்டுப் போங்க, நான் மடிச்சுக்கறேன். கை கழுவாம மட்டும் போகாதீங்க."

அவள் நிஜமாகவே மடிக்கவும் செய்தாள். ஷிஃப்ட் முடிந்து மற்றவர்கள் கிளம்பும் நேரத்தில் அவள் போர்வைகளோடு நிற்பதைப் பார்த்தவர்களுக்கு மறுநாள் முனக வாய் வரவில்லை.

எட்டாம் அறையில் செக்கிங் அம்மா தனியாக இருந்தாள். ஃபேன் அவள் சொன்ன வேகத்தில் சுற்றியது. திரை அவள் சொன்ன அளவுக்கு விலகியிருந்தது.

"ரிமோட் இப்ப என் கையிலதான்" என்றாள் தலைமை நர்ஸிடம். "பார்க்கத்தான் ஒரு இழவும் இல்ல. அண்ணி எப்ப வருவாங்க?"

"கிருமி கை வழியாத்தான் பரவுது. கையெல்லாம் சுத்தமாகி, புதுசா யாருக்கும் வரலன்னா சீக்கிரம் வரலாம்."

"யாரு கை?"

"எல்லார் கையும்தான். நர்ஸ், ஆயா, டாக்டர், பார்க்க வர்றவங்க."

செக்கிங் அம்மா சற்று யோசித்தாள். "என்னை இந்த வராந்தா முனையில கொண்டுபோய் விடுங்க. அந்தக் கை கழுவற மருந்து பாட்டிலையும் மடியில வச்சிடுங்க."

அப்படித்தான் அந்தச் சோதனைச் சாவடி முளைத்தது. சக்கர நாற்காலி, பக்கத்தில் ஒரு பூந்தொட்டி, மடியில் பாட்டில். யார் வந்தாலும் குரலை உயர்த்தாமல், ஆனால் தப்பிக்கவும் முடியாமல், "கையைக் காட்டிட்டு உள்ள போங்க" என்பாள். ஓடும் ரயிலில் எத்தனையோ சாக்குப்போக்கைக் கேட்டவள். கழிப்பறையில் ஒளிந்தவர்களையே கண்டுபிடித்தவளுக்கு, கைகளைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நடப்பவர்கள் எம்மாத்திரம்.

உரிமையாளர் ஒருநாள் போன் பேசிக்கொண்டே வந்தார்.

"கையைக் காட்டுங்க."

"காலையிலயே கழுவிட்டேன் அம்மா."

"சீசன் டிக்கெட் இங்க செல்லாது. ஒவ்வொரு வண்டிக்கும் புது டிக்கெட். போனைப் பையில போடுங்க. மோதிரத்தைக் கழட்டுங்க."

அவர் சொந்தக் கட்டடத்தில் அசடு வழிய மோதிரத்தைக் கழற்றிக்கொண்டு நின்றதை ஆயாக்கள் வாரம் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு சிரிப்பாகக் கை கழுவுவதும் பழகிவிட்டது.

தலைமை நர்ஸ் இன்னொன்றையும் கவனித்தாள். பெரியவர்கள் தண்ணீரே குடிப்பதில்லை. குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், போக வேண்டுமானால் யாரையாவது கூப்பிட வேண்டும், கூப்பிட்டால் வருவதற்குள் துணி நனைந்துவிடும். அந்த அவமானத்துக்குப் பயந்தே நாக்கு வறளக் கிடந்தார்கள். அதனால் கூப்பிடாமலேயே முறை வைத்து ஒவ்வொருவரையும் பாத்ரூமுக்கு அழைத்துப் போக ஏற்பாடு செய்தாள். அதன் பிறகு தண்ணீர் வண்டி சுற்ற ஆரம்பித்தது. அந்த வண்டியையும் செக்கிங் அம்மா தன் அதிகாரத்துக்குள் எடுத்துக்கொண்டாள். யார் டம்ளரில் எவ்வளவு மிச்சம் என்று அவளுக்குத் தெரியாமல் ஒன்றும் நடக்காது.

கடைசி அறையிலிருந்து போன் அம்மா நாளெல்லாம் கூப்பிடுவாள். மூடிய கதவுகளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருந்துகொண்டு இருவரும் செல்போனில் சண்டை போட்டார்கள். நேரில் பாதி கேட்காத போன் அம்மாவுக்குப் போனைக் காதோடு வைத்தால் மட்டும் எல்லாம் கேட்கும், எக்ஸ்சேஞ்சுப் பழக்கம்.

"பாப்பா, என் பச்சைச் சால்வையை நீதானே எடுத்துப் போர்த்திக்கிட்ட?"

"சால்வைக்குக் குளிருமேன்னு நான் போர்த்திக்கிட்டேன் அண்ணி."

எழுபது தாண்டிய நாத்தனாரை இன்னமும் 'பாப்பா' என்று கூப்பிடும் ஒரே ஆள் போன் அம்மாதான்.

வாரங்கள் ஓடின. தையல்காரர் தேறினார். புதிதாக யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. இனி மூச்சு விடலாம் என்று தலைமை நர்ஸ் நினைத்த சமயத்தில் அது நடந்தது.

ஒரு காலையில் சாவடியில் செக்கிங் அம்மா ஆயாவின் கையைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு, "இந்தப் பெட்டியில லைட் ஏன் எரியல? வண்டி கார்டைக் கூப்பிடு" என்றாள். ஆயா சிரித்தாள். பிறகு அவள் கண்களைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. செக்கிங் அம்மாவுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியவில்லை.

ஆயா பழைய வழக்கப்படி உடனே சிறுநீரை எடுத்துச் சோதித்தாள். கிருமி இருப்பதைக் காட்டும் சோதனைப் பட்டை நிறம் மாறியது. யாரோ அவளுடைய அண்ணன் மகனுக்கு, அந்தப் பிளம்பருக்கு, போன் செய்துவிட்டார்கள். டாக்டர் வந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் வந்து சேர்ந்தான்.

"அத்தைக்கும் அதே கிருமியா?"

"கிருமி இருக்கு" என்றாள் டாக்டர். "முன்னாடியே இருந்துச்சு. அவங்க வரிசையில எல்லாரையும் சோதிச்சப்பவே தெரியும்."

"அப்புறம் என்ன யோசனை? அந்த ஊசியைப் போடுங்க. எங்க அம்மாவுக்கு லேட்டாப் போட்டுத்தான் அந்தக் கதி ஆச்சு."

"அம்மாவுக்குக் காய்ச்சல், நடுக்கம், முதுகுல வலி. இவங்களுக்குக் காய்ச்சல் இல்ல, எரிச்சல் இல்ல, பிரஷர் நல்லா இருக்கு. கிருமி உடம்புல இருக்கிறது வேற, அது நோயா மாறுறது வேற. இந்தத் தடுமாற்றத்துக்கு வேற காரணம் இருக்கும். அதைத் தேடணும். ஊசியைப் போட்டுட்டா எல்லாரும் தேடறதை விட்டுடுவோம். கையில இருக்கிற கடைசி மருந்தும் வீணாகும்."

"உங்க அத்தையா இருந்தா இப்படிப் பேசுவீங்களா?"

அவன் கேட்டது தலைமை நர்ஸின் மனத்திலும் ஓடிக்கொண்டிருந்த கேள்விதான். ஒரு ஊசி போட்டுவிட்டால் எல்லார் வாயும் அடங்கும். ஒருவேளை டாக்டர் கணக்கு தப்பாகிவிட்டால்? அவள் செக்கிங் அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்தாள். தோலைக் கிள்ளி விட்டால் கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. வாயைத் திறக்கச் சொன்னாள். நாக்கு காய்ந்த இலை மாதிரி இருந்தது.

"இவங்களுக்குத் தண்ணி யார் கொடுக்கறது?" என்று ஆயாவிடம் கேட்டாள்.

"அவங்கதானே அக்கா எல்லாருக்கும் கொடுக்க வைக்கிறாங்க. அவங்க டம்ளர் எப்பவும் காலியாத்தான் இருக்கும்."

தலைமை நர்ஸ் வெளியே வந்து வராந்தா முனைக்குப் போனாள். சக்கர நாற்காலி நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் அந்தப் பூந்தொட்டி. மற்ற தொட்டிகளில் மண் வெடித்துக் கிடக்க, இதில் மட்டும் செடி தளதளவென்று இருந்தது. மண்ணுக்குள் விரலை விட்டாள். சொதசொதவென்று ஈரம்.

குடித்தால் பாத்ரூமுக்குப் போக வேண்டும். போனால் சாவடியில் ஆள் இருக்காது. அந்த நேரத்தில் யாராவது கை கழுவாமல் உள்ளே போய்விடுவார்கள். அண்ணி வருவது இன்னும் தள்ளிப் போகும். அதனால் செக்கிங் அம்மா தன் பங்குத் தண்ணீரையெல்லாம் செடிக்கு ஊற்றியிருக்கிறாள்.

அவள் திரும்பி வந்து சேற்று விரலைக் காட்டியபடி இதைச் சொன்னபோது அண்ணன் மகன் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தான்.

"தண்ணி உள்ள போகட்டும். பக்கத்திலயே ஆள் இருந்து பார்க்கட்டும்" என்றாள் டாக்டர். "காய்ச்சல் எட்டிப் பார்த்தாலோ, பிரஷர் இறங்கினாலோ, குடிக்கவே முடியலன்னாலோ என்னைக் கூப்பிடுங்க. அடுத்த நிமிஷம் என்ன செய்யணுமோ செய்வேன். நானும் இங்கிருந்து போகப் போறதில்ல."

ஆனால் செக்கிங் அம்மா டம்ளரைத் தள்ளிவிட்டாள். "டியூட்டியில இருக்கும்போது நான் எதுவும் வாங்கிக் குடிக்கறதில்ல. எடுத்துக்கிட்டுப் போ." அண்ணன் மகன் கெஞ்சினான். அவனை யாரோ டிக்கெட் இல்லாத பயணி என்று நினைத்து அடுத்த ஸ்டேஷனில் இறங்கச் சொன்னாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

தலைமை நர்ஸ் செல்போனை எடுத்துக் கடைசி அறைக்குப் போட்டாள். நடந்ததை இரண்டே வாக்கியத்தில் சொன்னாள். போன் அம்மா, "போனை அவ காதுகிட்ட வை" என்றாள்.

ஸ்பீக்கரில் வந்த குரல் வயதான போன் அம்மாவின் குரலாகவே இல்லை. எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரையே இணைத்த குரல் அது, வழவழவென்று, திட்டமாக.

"கண்ட்ரோல் ரூம் பேசறேன். செக்கிங் ஸ்டாஃப் லைன்ல இருக்கீங்களா?"

செக்கிங் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இருக்கேன். சொல்லுங்க."

"உங்க வண்டி சிக்னலுக்காக நிக்குது. கிளம்ப நேரமாகும். அதுவரைக்கும் ஸ்டாஃப் எல்லாரும் தண்ணி குடிச்சுக்கலாம்."

"யார் உத்தரவு?"

"மேலிடத்து உத்தரவு. குடிச்சிட்டு எனக்கு ரிப்போர்ட் பண்ணணும். லைன்லயே காத்திருக்கேன்."

செக்கிங் அம்மா கையை நீட்டினாள். அண்ணன் மகன் டம்ளரைக் கொடுத்தான். மடக் மடக்கென்று பாதி உள்ளே போனது. "குடிச்சாச்சு" என்றாள் போனிடம்.

"முழுசாவா?"

"மேடம், நான் பொய் சொல்றதில்ல. பாதி."

"மீதியும் ஆகட்டும்."

பகல் முழுக்க இதே வேலை. வண்டி ஒவ்வொரு ஸ்டேஷனாக நின்றது. ஒரு ஸ்டேஷனில் தண்ணீர், ஒரு ஸ்டேஷனில் சூப், இன்னொன்றில் பாத்ரூமுக்கு இறங்கி ஏற அனுமதி. போன் அம்மா பெயரில்லாத ஊர்களுக்கெல்லாம் பெயர் வைத்தாள். இருமல் வந்தால் போனைக் கையால் பொத்திக்கொண்டு இருமினாள். அண்ணன் மகன் டம்ளரும் கையுமாக அத்தை பக்கத்திலேயே இருந்தான். ஊசி என்ற பேச்சை அவன் எடுக்கவில்லை. தலைமை நர்ஸ் தெர்மாமீட்டரை வைத்துவிட்டு எடுக்கும் ஒவ்வொரு முறையும் அவள் முகத்தை மட்டும் பார்த்தான். அவள் காய்ச்சல் இல்லை என்று தலையசைப்பாள். சாயங்காலம் செக்கிங் அம்மாவின் நாக்கில் ஈரம் திரும்பியிருந்தது. அவள் தானாகக் கண்ணை மூடித் தூங்கினாள்.

மறுநாள் காலை தலைமை நர்ஸ் உள்ளே வந்தபோது செக்கிங் அம்மா தலையணையில் சாய்ந்து, நாற்காலியில் கழுத்தைத் தொங்கப் போட்டுத் தூங்கும் அண்ணன் மகனை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"இவன் இங்க என்ன பண்றான்? வேலைக்குப் போகலையா?"

தலைமை நர்ஸ் பதில் சொல்வதற்குள் அடுத்த கேள்வி வந்தது.

"உள்ள வரும்போது கை கழுவினானா இல்லையா?"

"கழுவினார் அம்மா."

"ம்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "சிஸ்டர், அண்ணியைக் கொஞ்சம் டாக்டரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்க. நேத்து பூரா என்கிட்ட வண்டி நிக்குது, வண்டி கிளம்புதுன்னு ஏதோ பேசிக்கிட்டே இருந்தாங்க. அவங்களுக்குப் புத்தி தடுமாறுதோன்னு பயமா இருக்கு."

தலைமை நர்ஸ் மருந்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அலமாரியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள். உள்ளே எட்டிப் பார்த்த டாக்டரிடம் விஷயத்தைச் சொல்ல, அவளும் சேர்ந்துகொண்டாள்.

அண்ணன் மகன் அன்று கிளம்பும் முன் வராந்தாவைக் கோடியிலிருந்து கோடி வரை நடந்து பார்த்தான். சுவரைத் தட்டினான். தரையில் குந்தி உட்கார்ந்து குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தான்.

"சிஸ்டர், ஒரே ஒரு பேசினை மூலையில வச்சுக்கிட்டு எல்லாரையும் கை கழுவுன்னா எப்படிக் கழுவுவாங்க? ரெண்டு ரூமுக்கு ஒண்ணு வைக்கலாம். தண்ணி லைன் இந்தச் சுவத்துக்குள்ளதான் போகுது. முழங்கையால தள்ளித் திறக்கிற குழாய் போட்டுடறேன்."

"ஓனரைக் கேட்கணுமே."

"அத்தையை விட்டுக் கேட்கச் சொல்லுங்க."

உரிமையாளர் மறுக்கவில்லை. அடுத்த வாரம் அவன் தன் ஆட்களோடு வந்து சுவரை உடைத்துக் குழாய் பதித்தான். பேசின்கள் வந்ததும் சாவடிக்கு முழுநேரக் காவல் தேவைப்படவில்லை. செக்கிங் அம்மா மணிக்கொருதரம் இறங்கிப் பாத்ரூமுக்குப் போய்வந்தாள். அவள் தண்ணீர் குடிப்பதைக் கண்காணிக்கும் பொறுப்பைத் தையல்காரர் கேட்டு வாங்கிக்கொண்டார். அவளிடம் பட்ட பாட்டுக்கெல்லாம் அதில் பழிதீர்த்துக்கொண்டார்.

இனி மிச்சம் போன் அம்மாவின் டியூப். "அது உள்ள இருக்கிற வரைக்கும் கிருமிக்கு நாமே படி கட்டிக் கொடுத்த மாதிரி" என்றாள் டாக்டர். முதல் முறை எடுத்தபோது போன் அம்மாவால் சிறுநீர் கழிக்க முடியவில்லை. அடிவயிறு கல்லாக இறுகி, வலியில் துடித்தாள். மறுபடியும் டியூபைப் போட வேண்டியதாயிற்று. அன்று அவள் யார் போனையும் எடுக்கவில்லை. நாத்தனார் போனைக்கூட எடுக்கவில்லை.

டாக்டர் விடவில்லை. மலச்சிக்கல் இருந்தால் சிறுநீரும் அடைபடும் என்று, அதை உண்டாக்கிக்கொண்டிருந்த ஒரு வலி மாத்திரையை நிறுத்தினாள். தினமும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு அறைக்குள்ளேயே நடக்க வைத்தார்கள். பிறகு ஒரு காலையில் மறுபடி டியூபை எடுத்தார்கள்.

அந்தக் காலை கிழக்கு வராந்தாவில் ஒரு வேலையும் ஓடவில்லை. தண்ணீர் வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. உரிமையாளர் ஏதோ காரணம் சொல்லிக்கொண்டு வந்து நின்றார். ஒரு கிழவி சிறுநீர் கழிப்பதற்காக இத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது அந்தக் கட்டடம் கட்டிய நாள் முதல் நடந்திருக்காது. கடைசி அறைக்குள் பாத்ரூமில் தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டிருந்தார்கள், சத்தம் கேட்டால் வரும் என்று.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. பிறகு கதவைத் திறந்துகொண்டு கவுனும் கையுறையுமாக ஆயா தலையை நீட்டினாள்.

"வந்துடுச்சு."

யார் முதலில் கை தட்டியது என்று தெரியவில்லை. வராந்தா முழுக்கத் தட்டியது. உள்ளேயிருந்து போன் அம்மாவின் குரல் வந்தது. "மானத்தை வாங்காதீங்க. இதுக்கெல்லாமா கை தட்டுவாங்க?" ஆனால் அந்தக் குரலில் இருந்த குஷியை அவளால் மறைக்க முடியவில்லை.

சில நாள் கழித்து டாக்டர் கதவைத் திறந்து வைத்துவிட்டு, இனி அதைச் சாத்த வேண்டியதில்லை என்றாள்.

"கிருமி ஒழிஞ்சதா?" என்று கேட்டாள் போன் அம்மா.

"குடல்ல எங்கயாவது ஒட்டிக்கிட்டு இருக்கலாம். காய்ச்சல் இல்ல, டியூப் இல்ல, அது பாட்டுக்கு ஒரு மூலையில கிடக்கட்டும். குளிப்பாட்டறப்ப எங்க ஆளுங்க கவுன் போட்டுக்குவாங்க, கை கழுவுவாங்க. அதுக்காக நீங்க சிறையில இருக்க வேண்டாம். எட்டாம் நம்பருக்கே போங்க. அங்க இருக்கிறவங்ககிட்டயும் அதே கிருமிதான் இருக்கு."

போன் அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்தாள். சக்கர நாற்காலியில் செக்கிங் அம்மா வழியை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பச்சைச் சால்வையைப் போர்த்தியிருந்தாள்.

"கையைக் காட்டுங்க அண்ணி."

போன் அம்மா இரண்டு கைகளையும் நீட்டினாள். செக்கிங் அம்மா அவற்றைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பார்த்து முடித்தும் விடவில்லை.

"இளைச்சுப்போயிட்டீங்க" என்றாள்.

"நீ மட்டும் என்ன பாப்பா. செடி கொழுத்திருக்குன்னு கேள்விப்பட்டேன்."

அன்று சாயங்காலமே எட்டாம் அறையில் ஃபேன் சண்டை ஆரம்பித்தது. பக்கத்து அறைக்காரர்கள் டிவியை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார்கள்.

அதற்கடுத்து வராந்தாவில் எல்லாரையும் மறுபடி சோதித்தார்கள். புதிதாக ஒருவரிடமும் அந்தக் கிருமி இல்லை. இருந்தவர்களில் சிலரிடம்கூட இப்போது காணவில்லை. முன்பு மருந்து வண்டியில் தினமும் போய்க்கொண்டிருந்த ஆண்டிபயாடிக் மாத்திரைகள் அலமாரியில் பிரிக்காமல் கிடந்தன. டாக்டர் வேலை பார்க்கும் இன்னொரு இல்லத்திலிருந்து நர்ஸுகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களும் கையைக் காட்டித்தான் உள்ளே வர வேண்டியிருந்தது.

குடும்பங்களின் அடுத்த கூட்டத்துக்கு ஹாலில் நாற்காலி போதவில்லை. உரிமையாளர் தானே எழுந்து நின்று, வாய் திக்கினாலும் பரவாயில்லை என்று சோதனை முடிவைச் சொன்னார். சொல்லி முடித்ததும் தலைமை நர்ஸை எழுந்திருக்கச் சொன்னார். அவள் எழுந்து நின்று ஊழியர்களைக் கையால் காட்டினாள். ஆயாக்கள் ஒருத்தியை ஒருத்தி முன்னால் தள்ளிக்கொண்டு சுவரோரம் நின்றார்கள். தையல்காரர் எழுந்து நின்று கை தட்டினார். பிளம்பர் விரலை வாயில் வைத்து ஒரு சீட்டி அடித்தான். அவன் அம்மா அவனை முறைத்தாள்.

கூட்டம் கலையும்போது, முதல் கூட்டத்தில் அப்பாவின் துணிகளை எடுத்துக்கொண்டு போன அந்த மகள் வாசலில் நின்றாள். பக்கத்தில் அவள் அப்பா, காலடியில் பெட்டி.

"தப்பா நினைச்சுக்காதீங்க சிஸ்டர். இடம் இருக்கா?"

"இருக்கு. வாங்க." தலைமை நர்ஸ் பெரியவரைப் பார்த்தாள். "வீட்டுல நல்லா இருந்தீங்களா?"

"நல்லாத்தான் பார்த்துக்கிட்டாங்க" என்றார் அவர். "எல்லாரும் வேலைக்குப் போயிடறாங்க, பகல் பூரா ஒரே அமைதி. சண்டை போடக்கூட ஒரு ஆள் இல்ல."

தலைமை நர்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். கிழக்கு வராந்தாவில் கதவுகள் எல்லாம் திறந்து கிடந்தன. ஒரு அறையில் டிவி அலறியது, இன்னொன்றில் யாரோ யாரையோ சீட்டாட்டத்தில் ஏமாற்றியதாகப் பெரிய பஞ்சாயத்து நடந்தது. பெரியவர் ஒரு நிமிஷம் நின்று அதைக் கேட்டார். பிறகு முதல் பேசினில் குழாயை முழங்கையால் தள்ளித் திறந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.